மசினகுடியில் குடியேற நினைக்கும் தோழருக்கு
(மசினகுடியில் நடந்த ஊழியர் கூட்டத்தில் பேசியது)



கோவையிலிருந்து விடியுமுன் புறப்பட்டு, ஊட்டியில் இறங்கி, கல்லட்டி இறக்கத்தின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தாண்டி வந்திருக்கும் பஞ்சாலைத் தோழர்களுக்கு முதலில் நமது வணக்கம். மாவனல்லா, வாழைத்தோட்டம், பொக்காபுரம், மோயார் முதலிய ஊர்களிலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் வணக்கம். கூலியை இழந்து வந்து உட்கார்ந்திருப்பவர்களிடம் சுற்றி வளைத்துப் பேசுவது நியாயமல்ல. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

சந்தாப் பதிவைப் பற்றியும் கமிட்டித் தேர்தலைப் பற்றியும் பேசுவதாகத்தான் நோட்டீஸில் போட்டிருந்தது. அதற்கு மத்தியானத்துக்குப் பிறகு நேரம் இருக்கிறது. நேற்றே வந்து சேர்ந்துவிட்ட கோவைத் தோழர் ஒருவர் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டார். அது அவர் ஒருவருடைய கேள்வி மட்டுமல்ல என்று நமக்குப் படுகிறது. அவர் அனுமதியோடு அதைப் பற்றியே இங்கு பேசுகிறோம்.

அவருக்கு வயது 52. தனியார் ஆலை ஒன்றில் 28 வருஷம் ரிங் பிரேம் ஓட்டியவர். ஆலையை மூடிவிட்டார்கள். மனுக் கொடுத்து, அலைந்து, கணக்கு முடித்து, பணமும் கைக்கு வந்துவிட்டது. அவர் கேட்டதை அவர் வார்த்தையிலேயே சொல்லுகிறோம்:

“ஏனுங் தோழர், ஒண்ணு கேக்கறனுங்க, சிரிக்கக் கூடாது. இங்கெயே ஒரு அஞ்சு சென்ட் வாங்கி, ஓட்டு வீடா ஒண்ணு போட்டு, ரெண்டு மாடு புடிச்சுக் கட்டீட்டு உக்காந்துக்கலாம்னு பாக்கறனுங்க. டவுன்ல இருந்து இருந்து சலிச்சுப் போச்சுங்க.”

நாம் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த உள்ளூர்த் தோழர் மட்டும் “மாடுங்களா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்பதைப் பிறகு சொல்லுகிறோம்.

ஆசையில் என்ன தவறு?

தோழர்களே! பஞ்சாலைத் தொழிலாளி கிராமத்தை நினைத்து ஏங்கினால் அவனைப் பிற்போக்குவாதி என்று ஏசுவதற்குச் சிலர் தயாராக இருக்கிறார்கள். நாம் அப்படிச் செய்ய மாட்டோம். கோவை ஆலைகளில் சேர்ந்தவர்கள் யார்? மழை பொய்த்துப் போன புன்செய்க் காட்டிலிருந்தும், பண்ணையத்தில் கடன்பட்டுக் கிடந்த வீடுகளிலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் விரும்பி நகரத்துக்கு வரவில்லை. லைன் வீட்டில் ஒற்றை அறை, குழாயடியில் குடத்தோடு சண்டை, பஞ்சுத் தூசி தின்ற நெஞ்சு, மூன்று ஷிப்டிலும் மாறி மாறிக் கெட்ட தூக்கம். இத்தனைக்குப் பிறகு ஒரு மனிதன் மரத்தடியில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுக்க ஆசைப்பட்டால் அது குற்றமா?

அதுவும் இன்றைக்கு ஆலைகள் இருக்கிற நிலைமையில்! 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை ஆரம்பித்த கோவை ஸ்பின்னிங் அண்டு வீவிங் ஆலை, பங்கஜா, கம்போடியா, முருகன், ரங்கவிலாஸ் – இவையெல்லாம் சர்க்கார் வசமிருந்த தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கீழ் ஓடியவை. 2020 மார்ச்சில் ஊரடங்கைச் சொல்லி நிறுத்தினார்கள். ஊரடங்கு முடிந்து வருஷங்கள் ஓடிய பிறகும் சங்கு ஊதவில்லை. தொழிலாளி அரைச் சம்பளத்துக்கும் பாக்கிச் சம்பளத்துக்கும் கேட்டில் நின்றான். இதைப் பார்த்த தனியார் ஆலைத் தொழிலாளிக்கு நகரத்தின் மீது என்ன நம்பிக்கை இருக்கும்?

ஆகவே ஆசை நியாயமானது. அந்த ஆசையை யார் விலைக்கு வாங்குகிறான், அது போய் இறங்குகிற ஊரில் என்ன நடக்கிறது என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

ஆலையை ஓட்டிய தண்ணீர்

இந்த மசினகுடி கோவைத் தொழிலாளிக்குப் புது ஊர் அல்ல. நீங்கள் இதற்கு முன் வந்திருக்க மாட்டீர்கள். ஆனால் இந்த ஊர் உங்கள் ஆலைக்குள் வந்திருக்கிறது!

இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் சிங்காரா இருக்கிறது. மேலே பைக்காரா ஆற்றை மறித்து, குழாயில் இறக்கி, சுமார் 3,000 அடி கீழே சிங்காராவில் சக்கரத்தைச் சுற்ற வைத்தார்கள். 1932இல் அங்கிருந்து மின்சாரம் ஓட ஆரம்பித்தது. அது போய்ச் சேர்ந்தது எங்கே? கோவைக்கு. அதற்கு முன் கோவையில் ஆலைகள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தன. மலிவான மின்சாரம் வந்த பிறகுதான் பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் வரிசையாகப் புகைபோக்கி இல்லாத ஆலைகள் எழுந்தன. பைக்காராவில் சக்கரத்தைச் சுற்றிவிட்டு வெளியேறிய அதே தண்ணீரை மரவகண்டியில் தேக்கி, கால்வாயில் ஓட விட்டு, மோயாரில் மறுபடியும் ஒரு சக்கரத்தைச் சுற்றச் செய்தார்கள். அது 1952இல் ஓட ஆரம்பித்தது. 2005இல் சிங்காராவில் பூமிக்கடியிலேயே 150 மெகாவாட் நிலையம் ஒன்றும் வந்துவிட்டது.

மலையைக் குடைந்தது யார்? குழாயை இழுத்தது யார்? தமிழ்நாட்டுச் சமவெளியிலிருந்தும் மலையாளத்திலிருந்தும் மைசூர்ப் பக்கத்திலிருந்தும் வந்த கூலிகள். அந்தக் காலத்தில் இந்தக் காடு மலேரியாவுக்குப் பேர்போன காடு. காய்ச்சலில் கிடந்து எழுந்தவன் எழுந்தான், எழாதவன் எழவில்லை. வேலை முடிந்ததும் எஞ்சினியர் துரைகள் போய்விட்டார்கள். போக இடமில்லாத கூலிகள் இங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களுக்கும் முன்னால் இருளரும் குறும்பரும் இங்கே இருந்தார்கள், இருக்கிறார்கள். இன்று இந்தக் கடைவீதியில் தமிழும் மலையாளமும் கன்னடமும் படுக பாஷையும் கலந்து கேட்கிறதே, அது அப்படி வந்ததுதான். ரிங் பிரேம் ஓட்டிய தோழரின் கதிரும் இங்கே பாறை உடைத்தவனின் சுத்தியலும் ஒரே கம்பியில் கட்டப்பட்டவை.

முன்பு வந்தவர்களும் இப்போது வருகிறவர்களும்

நகரத்துச் சூடு தாங்காமல் இந்த ஜில்லாவுக்கு முதலில் குடிவந்தவர் யார் தெரியுமா? கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன். 1819இல் மலையேறினார். தோடர்களின் மேய்ச்சல் நிலத்தைச் சொற்ப விலைக்கு வாங்கி, ஊட்டியில் கல் வீடு கட்டினார். அவர் பின்னால் கவர்னர் வந்தார், கவர்னர் பின்னால் ராஜாக்கள் வந்தார்கள். சென்னை ராஜதானியின் கோடைகால சர்க்காரே மூட்டை கட்டிக்கொண்டு மலைக்கு வரும். பல்லக்கு தூக்கியவனுக்கு அப்போதும் வேர்த்தது.

இப்போது வருகிறவர்கள் பல்லக்கில் வருவதில்லை, காரில் வருகிறார்கள். ஊட்டியில் ஜனநெரிசல் என்று கீழே மசினகுடிக்கு இறங்குகிறார்கள். பெங்களூரிலும் சென்னையிலும் கோவையிலும் பணம் சேர்த்தவர்கள் இங்கே நிலம் வாங்கினார்கள். ஓய்வு வீடு என்றார்கள். பிறகு நாலு அறை சேர்த்தார்கள், நீச்சல் குளம் தோண்டினார்கள், ரிசார்ட் என்று பலகை மாட்டினார்கள். சுற்றிலும் மின்வேலி. ராத்திரி நெருப்பு மூட்டி ஆட்டம் பாட்டம். காட்டின் அமைதியை அனுபவிக்க ஒலிபெருக்கி வேண்டுமாம்!

இந்தச் சீகூர் பீடபூமியின் அமைப்பை நம் வெளியூர்த் தோழர்கள் புரிந்துகொள்ள வேண்டும். தெற்கே நீலகிரி மலை சுவர் மாதிரி நிற்கிறது. வடக்கே மாயாறு ஆழமான பள்ளத்தில் ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து. மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டிலிருந்து கிழக்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்குப் போகும் யானைக் கூட்டங்களுக்கு இந்தச் சந்துதான் பாதை. மேயவும் தண்ணீர் தேடவும் இனம் சேரவும் அவை இப்படித்தான் போகவேண்டும். நம் வீட்டுச் சந்தை ஒருவன் மறித்துக் கட்டினால் நாம் என்ன செய்வோம்? யானை கோர்ட்டுக்குப் போகாது, சுவரை முட்டும். (உண்மையைச் சொல்ல வேண்டுமானால், நம் ஆலைகளுக்கு மின்சாரம் கொடுத்த குழாயும் கால்வாயும் அந்தப் பாதையை மறித்தவையே. முதலாளியை மட்டும் குற்றம் சொல்லி நாம் தப்பிக்கக் கூடாது.)

யானைக்காக மனிதர்களே கோர்ட்டுக்குப் போனார்கள். 2010 ஆகஸ்டில் தமிழக சர்க்கார் இந்தப் பகுதியை யானை வழித்தடம் என்று அறிவித்தது. 2011 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் அது செல்லும் என்றது. விடுதி உரிமையாளர்கள் டில்லிக்குப் போனார்கள். 2018 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் 39 விடுதிகளின் விவகாரத்தை எடுத்து, 27ஐ 48 மணி நேரத்தில் பூட்டி முத்திரை வைக்கச் சொல்லிற்று. மீதி 12ஐ தஸ்தாவேஜ் காட்டச் சொல்லிற்று. 2020 அக்டோபர் 14ஆம் தேதி இறுதித் தீர்ப்பு வந்தது: வழித்தடம் வழித்தடமே. நிலம் வைத்திருப்பவர்களின் ஆட்சேபணைகளைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி வெங்கட்ராமன் தலைமையில் கமிட்டி போடப்பட்டது.

தீர்ப்பு சரியா தவறா என்று நம்மைக் கேட்டால், யானைக்கு வழி விட்டது சரி என்றே சொல்லுவோம். 2021 ஜனவரியில் உலகமே பார்த்த ஒரு காட்சியை நீங்களும் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். மாவனல்லாவில் அனுமதியில்லாத தங்குமிடம் ஒன்றுக்கு அருகில் வந்த யானையின் தலைமீது தீப்பற்றிய பொருளை வீசினார்கள். காதோடு நெருப்பு எரிய அது ஓடிற்று. அந்தப் புண்களோடு திரிந்த யானையை முகாமுக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அது செத்துப்போயிற்று. லாரியில் ஏற்றிய அந்த உடலின் தும்பிக்கையைப் பிடித்துக்கொண்டு வனத்துறை ஊழியர் ஒருவர் அழுதார். அவர் நம்மைப் போன்ற சம்பளக்காரர்தான்.

ஆனால் 2018இல் விடுதிகளைப் பூட்டியபோது தெருவில் நின்றவர் யார்? முதலாளி பெங்களூரிலிருந்து வக்கீலை அனுப்பினான். அவனுக்கு வேறு ஊரில் வேறு தொழில். அறை பெருக்கிய பெண், சமையற்கட்டில் பாத்திரம் துலக்கியவன், ஜீப் ஓட்டியவன், காய்கறி போட்டவன் – இவர்கள் ராத்திரிக்கு ராத்திரி வேலை இழந்தார்கள். சம்பளப் பதிவேடு கிடையாது, பி.எப். கிடையாது, வேலையிலிருந்தோம் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. 39 கட்டடங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அவற்றுக்குள் வேலை செய்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்து எழுதியதை நாம் படிக்கவில்லை. வனத்தைக் காக்கிற சட்டம் வேண்டும், அந்தச் சட்டத்தால் வேலை இழக்கிறவனுக்கு மாற்று வேலையும் நஷ்டஈடும் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்பதில் நமக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

மாடு என்றதும் ஏன் சிரித்தார்?

இனி அந்தச் சிரிப்புக்கு வருவோம்.

கோவைத் தோழர் மாடு என்றால் பாலை நினைத்தார். மசினகுடியில் மாடு என்றால் வெகுகாலமாகச் சாணி. ஆம் தோழர்களே, சிரிக்காதீர்கள்! பட்டி பட்டியாக நாட்டு மாடுகளை வைத்து, பகலில் காட்டில் மேய்த்து, ராத்திரி பட்டியில் அடைத்து, சாணியைக் குவித்து லாரியில் ஏற்றி விற்பது இங்கே ஒரு தொழில். கேரளத்துக் காப்பித் தோட்டங்களுக்கும் இஞ்சித் தோட்டங்களுக்கும் அது போகும். மண்ணில் விளைவது யானைக்கும் பன்றிக்கும் போக மீதி நமக்கு என்ற நிலையில், எந்த விலங்கும் தின்னாத ஒரே விளைச்சல் சாணி!

அதற்கும் கஷ்டம் வந்தது. முதுமலை 1940இல் சரணாலயமாயிற்று, 2007இல் புலிகள் காப்பகமாயிற்று. 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகளிலேயே மாடு மேய்க்கத் தடை என்றது. பிறகு சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று சுருக்கிற்று. மற்ற ஜில்லாக்காரர்களுக்குச் சற்று மூச்சு வந்தது. புலிகள் காப்பகத்தின் மடியில் இருக்கும் மசினகுடிக்காரனுக்கு அந்தச் சுருக்கத்தால் என்ன லாபம்?

மேய்க்கப் போகிறவனுக்கு உயிர் பயமும் உண்டு. 2021இல் டி 23 என்று எண் போட்ட புலியை உங்களுக்கு நினைவிருக்கும். நாலு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட புலி. மசினகுடியில் மாடு மேய்க்கப் போன முதியவர் ஒருவரும் அந்த நாலு பேரில் அடக்கம். மூன்று வாரம் காடெல்லாம் தேடி அக்டோபர் 15ஆம் தேதி மயக்க ஊசி போட்டுப் பிடித்து மைசூருக்குக் கொண்டுபோனார்கள். அந்த மூன்று வாரமும் இந்த ஊர்ப் பெண்கள் விறகுக்கும் கூலிக்கும் எப்படிப் போனார்கள் என்பதைப் பத்திரிகைகள் எழுதவில்லை. அவர்கள் எல்லோரும் இதோ உட்கார்ந்திருக்கிறார்கள், நீங்களே கேட்டுக்கொள்ளலாம்.

இன்னும் சில விஷயங்களையும் நகரத்துத் தோழர் தெரிந்துகொள்ள வேண்டும். இது நீலகிரி ஜில்லாதான், ஆனால் ஊட்டிக் குளிர் இங்கே கிடையாது. மலை மறைவில் இருப்பதால் மழை குறைவு. முள்ளுக்காடு. பங்குனி சித்திரையில் வெயிலும் தண்ணீர்த் தட்டுப்பாடும் உண்டு. பெரிய வைத்தியம் என்றால் ஊட்டிக்கோ கூடலூருக்கோ ஓட வேண்டும். கல்லட்டி வழியாகப் போனால் ஊட்டி முப்பது கிலோமீட்டருக்குள், கூடலூர் சுற்றிப் போனால் அறுபதுக்கு மேல். 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்த காரொன்று கல்லட்டிப் பள்ளத்தில் விழுந்து, இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள், ஐந்து பேர் செத்துப் போனார்கள். தெப்பக்காட்டிலிருந்து பந்திப்பூர் வழியாக மைசூர் போகும் ரஸ்தாவில் 2009 முதல் ராத்திரிப் போக்குவரத்துக்குத் தடை இருந்து வருகிறது. ஆக, ராத்திரியில் நெஞ்சுவலி வரக் கூடாது. வந்தால் விடியும்வரை பொறுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும்.

இங்கே பிறந்த இளைஞன் என்ன செய்கிறான்? பஸ் ஏறித் திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்குப் போகிறான். கோவையில் கட்டட வேலைக்குப் போகிறான். அவன் மலையிலிருந்து இறங்குகிறான், நம் தோழர் மலைக்கு ஏறப் பார்க்கிறார். மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேரும் ஒரே டீக்கடையில் நின்று டீ குடிப்பார்கள். ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டால் எவ்வளவோ விஷயம் வெளிவரும். கேட்டுக்கொள்வதில்லை.

எங்கெல்ஸ் பார்த்த தோட்டம்

சொந்த வீடு, பின்னால் சிறு தோட்டம், ஒரு மாடு – இது தொழிலாளியை விடுதலை செய்துவிடும் என்று சொன்னவர்கள் ஐரோப்பாவிலும் இருந்தார்கள். அவர்களுக்குப் பதிலாக 1872இல் பிரடெரிக் எங்கெல்ஸ் குடியிருப்புப் பிரச்னையைப் பற்றி எழுதினார். 1887இல் அதற்கு இரண்டாம் பதிப்பு வந்தபோது எழுதிய முன்னுரையில் ஜெர்மன் கிராமங்களின் அனுபவத்தை விளக்கினார். வீட்டிலேயே தறி போட்டு நெய்தவனுக்குச் சொந்தக் குடிசையும் காய்கறித் தோட்டமும் இருந்தன. முதலாளி என்ன செய்தான்? தோட்டத்தில் விளைவதைக் கணக்குப் பார்த்து அந்த அளவுக்குக் கூலியைக் குறைத்தான். மண்ணோடு கட்டுண்டவன் வேறு ஊருக்கு வேலை தேடிப் போகவும் முடியவில்லை.

இது அங்கே மட்டும் நடந்ததல்ல. ‘உனக்குத்தான் பென்ஷன் வருகிறதே, உனக்கெதற்கு முழுக் கூலி?’ என்று கேட்கிற தோட்டக்காரனை நம் விவசாயத் தொழிலாளித் தோழர்கள் பார்த்திருக்கிறார்கள். நகரத்திலிருந்து ஐம்பது பேர் கொஞ்சம் பணத்தோடு இங்கே வந்து, கைச்செலவுக்குக் கிடைத்தால் போதும் என்று குறைந்த கூலிக்கு வேலைக்குப் போனால் யாருடைய கூலி இறங்கும்? பக்கத்துக் குடிசைக்காரியின் கூலி இறங்கும். இதை நம் தோழர் யோசித்திருக்க மாட்டார், யோசிக்கவும் யாரும் சொல்லவில்லை. கெட்ட எண்ணத்தோடு யாரும் இதைச் செய்வதில்லை, செய்த பிறகும் நடப்பது நடக்கத்தான் செய்கிறது.

கையிலுள்ள பணத்தின் கணக்கு

நேற்று ராத்திரி நாம் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டோம். தோழரின் கடைசிச் சம்பளம் மாதம் 14,000. வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்பது 1972ஆம் வருஷச் சட்டம் கொண்டுவந்த கிராஜுவிடிக் கணக்கு. பதினாலாயிரத்தை 26 நாளால் வகுத்து, பதினைந்தால் பெருக்கி, 28 வருஷத்தால் பெருக்கினால் 2,26,000 ரூபாய்ச் சொச்சம். பி.எப்.பில் மூன்று லட்சம். ஆக, இருபத்தெட்டு வருஷ உழைப்பு ஐந்தே கால் லட்சம். பென்ஷன் என்று பார்த்தால், 1995ஆம் வருஷத் திட்டத்தில் 2014இல்தான் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். இவருக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் வரும்.

தரகர் ஐந்து சென்டுக்கு நாலு லட்சம் கேட்கிறாராம். பட்டா இருக்கிறதா என்று கேட்டோம். “அக்ரிமென்ட் போட்டுக் குடுக்கறமுன்னு சொன்னாருங்க” என்றார். மற்றவற்றை நாமே விசாரித்தோம். அந்த இடம் வழித்தடத்துக்குள் வருகிறதா என்பதற்குத் தரகரிடம் பதில் இல்லை. கட்டட அனுமதி? மலைப் பகுதிக் கட்டடங்களைக் கண்காணிக்க 1990இலேயே தனி ஆணையம் போட்டிருக்கிறார்கள், பஞ்சாயத்துத் தலைவர் தலையை ஆட்டினால் மட்டும் வீடு கட்ட முடியாது. பூட்டிய விடுதிகளின் முதலாளிகளே பத்து வருஷம் கோர்ட்டில் நின்று தோற்றார்கள். ஒரு ரிங் பிரேம் தொழிலாளி எந்த வக்கீலைப் பிடிப்பார்?

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்த ஐந்து சென்ட் யாருடைய ஐந்து சென்ட்? தலைமுறை தலைமுறையாகக் காகிதமில்லாமல் உழுது வந்த ஆதிவாசி நிலமாக இருக்கலாம். 2006ஆம் வருஷ வன உரிமைச் சட்டம் அப்படிப்பட்டவர்களுக்கு உரிமை கொடுக்கச் சொல்லுகிறது. கிராம சபை கூடி முடிவு செய்ய வேண்டிய அந்த உரிமை இன்னும் பல குடும்பங்களுக்குக் காகிதத்தில் வந்து சேரவில்லை. வந்து சேருவதற்குள் தரகர் வந்துவிடுகிறார். சல்லிவன் துரையின் பெயர் சரித்திரத்தில் ஏறிவிட்டது. நம் தோழர் தெரியாமல் அதே காரியத்தை ஐந்து சென்ட் அளவில் செய்துவிடக் கூடாது.

அப்படியானால் வரவே கூடாதா? அப்படி நாம் சொல்லவில்லை. வாருங்கள் தோழரே! முதலில் வாடகைக்கு வாருங்கள். ஐப்பசி மழையில் பச்சையாக இருக்கும்போது பார்த்து மயங்காதீர்கள், சித்திரையில் வந்து ஒரு மாசம் இருங்கள். பணத்தை வங்கியில் போட்டுவிட்டு, ரசீதைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தரகரைப் பார்ப்பதற்கு முன் கிராம நிர்வாக அலுவலரையும், அவருக்கும் முன்னால் நம் சங்கத்துக்காரரையும் பாருங்கள். கூலிக்குப் போனால் ஊரில் வாங்குகிற கூலிக்கு ஒரு ரூபாய் குறைத்து வாங்காதீர்கள். இருபத்தெட்டு வருஷம் ஆலையில் சங்கம் வைத்து நடத்திய அனுபவம் உங்களிடம் இருக்கிறது. சம்பளப் பதிவேடு இல்லாத விடுதித் தொழிலாளிக்கும் ஜீப் டிரைவருக்கும் தோட்டக் கூலிக்கும் அது இன்றைக்கே வேண்டும். மனு எழுதத் தெரிந்த, லேபர் ஆபீசில் பேசத் தெரிந்த ஒரு மனிதர் இந்த ஊருக்கு வந்தால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். மின்வேலி மட்டும் போடாதீர்கள்.

அதற்கு முன் இன்னொரு வேலையும் இருக்கிறது. அதே ஆலையில் இன்னும் கணக்கு முடியாத தோழர்கள் இருக்கிறார்கள் என்று இவரே சொன்னார். அவர்களுடைய மனு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை மத்தியானம் எழுதிக் கொடுக்கும்படி கேட்டிருக்கிறோம்.

இவ்வளவும் ராத்திரி திண்ணையில் பேசி முடித்தபோது மணி பத்துக்கு மேலாகிவிட்டது. தோழர் காகிதத்தை மடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார். கூட வந்திருந்த அவர் வீட்டுக்கார அம்மா அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளூர்ச் சகோதரி ஒருவரைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்:

“ஏனக்கா, இங்கெ ரேசன் கடைக்கு நடந்து போறதுன்னா எத்தனை மணிக்குப் போறது?”

“எட்டுக்கு மேல போ அம்மிணி, ஆனை காட்டுக்குள்ள ஏறியிருக்கும். சாயங்காலம் அஞ்சுக்குள்ள வந்துரோணும்.”

“ராத்திரி வெளிய போகோணும்னா?”

“எங்க வூட்டுக்காரரை எழுப்பி, டார்ச் எடுத்துக்கிட்டு ரெண்டு பேருமாப் போவோம். நீ வந்தீன்னா எங்களைக் கூப்பிடு.”

இன்று காலை எட்டு மணிக்கு அந்த இரண்டு பேரும் சேர்ந்து ரேஷன் கடைவரைக்கும் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். இதோ, கூட்டத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இப்போது டீ வருகிறது. டீ முடிந்ததும் சந்தாப் பதிவு.